மானம் என்று சொல்லி மகளை இழக்காதீர்கள்

கொள்ளுப்பிட்டிச் சந்தியிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்தால், இடது கைப்பக்கம் பகத்தல வீதி, அல்பிரட் பிளேஸ், அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ் என்ற பெயர்ப்பலகைகளைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த இடமெல்லாம் ஒரே வளவு. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற பெருஞ்செல்வரின் மாளிகை அதற்குள் இருந்தது. 1870 ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் மகன் அல்பிரட் இளவரசர் இலங்கைக்கு வந்தபோது, அங்கே அவருக்குத் தங்கத் தட்டில் விருந்து வைத்தார்கள். இளவரசரின் பெயரையே மாளிகைக்கும் சூட்டினார்கள். பிறகு காலம் மாறியது. வளவு துண்டு துண்டாகப் பிரிந்தது. இப்போது அங்கே அடுக்குமாடிகளும் அலுவலகங்களும் சாப்பாட்டுக் கடைகளும் நிற்கின்றன. அந்தக் குடும்பம் ஏழைத் தாய்மாருக்காகக் கட்டிக்கொடுத்த மகப்பேற்று மருத்துவமனை மட்டும் இன்றும் கொழும்பில் இயங்குகிறது. டி சொய்சா என்ற பெயரைச் சனம் இன்றும் நன்றியோடு சொல்வது அந்த ஆஸ்பத்திரியால்தான். தங்கத் தட்டில் விருந்து வைத்த கதை பலருக்குத் தெரியவே தெரியாது.

பெரிய வளவுகளின் காலத்தில் யார் முன்வாசலால் வரலாம், யார் பின்வாசலால் வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாருடைய பிள்ளை யாருடைய பிள்ளையைக் கண்ணெடுத்துப் பார்க்கலாம் என்பதும் அதே கணக்குப்படிதான் நடந்தது. வளவுகள் விற்றுப்போன பிறகும் அந்தக் கணக்கை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

வயது போனவள் என்றபடியால் சம்பந்தம் பேசுகிறவர்கள் என்னிடமும் வருவார்கள். வெள்ளவத்தையிலிருந்து வருவார்கள், கொட்டாஞ்சேனையிலிருந்து வருவார்கள், கனடாவிலிருந்து இரவிலே தொலைபேசி எடுப்பார்கள். சாதகக் குறிப்பைக் கையில் தருமுன் ஒரு கேள்வி வரும்: "மாமி, உவை எங்கட ஆக்களோ?" வாய்விட்டுச் சாதி கேட்பது மரியாதையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் "ஊர் எது?" என்பார்கள். "ஊரிலை எந்தப் பக்கம்?" என்பார்கள். "எந்தக் கோயிலடி?" என்பார்கள். கோயிலடி தெரிந்துவிட்டால் மற்றது தானே தெரிந்துவிடும். பொடியனின் குணம் என்ன, குடிப்பானா, கோபக்காரனா, வேலையில் ஒழுங்கா என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். சிலர் அதை விசாரிப்பதே இல்லை.

இந்தக் கேள்வியால் குலைந்த வாழ்க்கைகளைக் கண்டவள் நான். அவற்றைப் பெயர் சொல்லி எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் எல்லோரும் பேசக்கூடிய மூன்று படங்கள் எங்கள் நாட்டிலேயே இருக்கின்றன. மூன்றும் இதே கதையைத்தான் சொல்கின்றன; முடிவுதான் ஒவ்வொன்றிலும் வேறு. பிள்ளை பெற்றவர்களும் பெறப்போகிறவர்களும் அந்த மூன்று முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது 'அசோகமாலா'. 1947 இல் வந்தது. சிங்களத்தில் வந்த இரண்டாவது பேசும் படம். துட்டகைமுனு மன்னனின் மகன் சாலிய, சண்டாளர் என்று ஒதுக்கப்பட்ட குலத்துப் பெண் அசோகமாலாவை விரும்பி மணந்த கதை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இந்தக் கதை மகாவம்சத்திலும் இருக்கிறது. இளவரசன் அரசைவிட அவளையே பெரிதாக நினைத்தான். துட்டகைமுனுவுக்குப் பிறகு அவனுடைய தம்பி சத்தாதிஸ்ஸ ஆட்சிக்கு வந்தான். மகாவம்சத்தை எழுதிய பிக்குவுக்கே இளவரசனின் முடிவு விளங்கச் சிரமமாக இருந்திருக்கவேண்டும். முற்பிறவித் தொடர்பு என்று காரணம் காட்டுகிறார். ஒரு மனிதன் சும்மா ஒரு மனுசிக்காக முடியைத் துறப்பான் என்று ஒப்புக்கொள்ள அன்றைக்கும் மனம் வரவில்லை. அநுராதபுரத்து இசுருமுனியவில் காதலர் சிற்பம் ஒன்று இருக்கிறது. அது சாலியவும் அசோகமாலாவும்தான் என்று சனங்கள் சொல்கிறார்கள். எத்தனையோ மன்னர்களின் பெயரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடமாக்கி மறந்துபோகிறார்கள். அரியணை ஏறாத சாலியவை யாரும் மறக்கவில்லை.

இரண்டாவது 'கம்பெரலிய'. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963 இல் எடுத்தது. கொக்கலையில் பிறந்த மார்ட்டின் விக்கிரமசிங்க 1944 இல் எழுதிய நாவல்தான் அதற்கு மூலம். அந்த நாவல் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. படம் 1965 இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. நான் அதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இளம் வயதில் அது எனக்கு நாயகி நந்தாவின் கதை. இப்போது பார்த்தால் நந்தாவின் தாய் தகப்பனின் கதையாகத் தெரிகிறது. அதனாலேயே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தென்னிலங்கையில் ஒரு பெரிய வீடு. வீட்டுத் தலைவருக்கு வெள்ளைக்காரன் காலத்து முகாந்திரம் பட்டம். பட்டம் இருக்கிறது, பேர் இருக்கிறது. வருமானம் மெல்ல மெல்ல வற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டு மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறான் பியல் என்ற இளைஞன். படித்தவன், ஒழுக்கமானவன், பரம்பரைப் பெருமை இல்லாதவன். இருவருக்கும் மனம் ஒன்றிப்போகிறது. பெரிய வீடு அவனை ஏற்கவில்லை. நல்ல குடி, ஆனால் நொடிந்த குடி என்ற நிலையிலிருந்த ஜினதாசவுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் வரும் ஒரு காட்சியைத் தாய்மார் கவனிக்கவேண்டும். நந்தா நோயில் விழுகிறாள். மனத்திலிருப்பதைச் சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு வழியில்லை, உடம்பு சொல்லிவிடுகிறது. வீட்டார் என்ன செய்கிறார்கள்? பேய் பிடித்துவிட்டது என்று தொவில் சடங்கு வைக்கிறார்கள். பறை அடிக்கிறது, பந்தம் எரிகிறது, ஆட்டக்காரர் ஆடுகிறார்கள், ஊரே கூடி நிற்கிறது. "உனக்கு என்னம்மா மனக்குறை?" என்று பக்கத்தில் இருந்து கேட்க ஒருவரும் இல்லை. எங்கள் வீடுகளில் தொவில் ஆடுவதில்லை. ஆனால் மகள் சாப்பிடாமல், கதைக்காமல் அறைக்குள் கிடக்கும்போது நாங்கள் செய்வது என்ன? கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறோம், சாத்திரியாரிடம் ஓடுகிறோம், செவ்வாய்தோஷம் பார்க்கிறோம், நூல் கட்டுகிறோம். கேட்கவேண்டிய ஒரு கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் செய்கிறோம். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

கதை அதோடு முடியவில்லை. ஜினதாசவின் கை எதிலும் விளங்கவில்லை. பிழைப்புத் தேடித் தூர இடம் போனவன் திரும்பவில்லை. முகாந்திரம் இறந்துபோகிறார், பெரிய வீடு இன்னும் தேய்கிறது. பியலோ கொழும்புக்கு வந்து வியாபாரம் செய்து பணக்காரனாகிறான். ஜினதாச இறந்துவிட்டான் என்ற செய்தி வந்த பிறகு நந்தா பியலை மணக்கிறாள். இப்போது பெரிய வீட்டுக்கு ஆட்சேபம் இல்லை.

நன்றாக யோசித்துப் பாருங்கள். அதே பியல், அதே தகப்பனின் பிள்ளை, அதே இரத்தம். குலம்தான் தடை என்றால் அது இப்போதும் தடையாகத்தானே இருக்கவேண்டும்? குலம், கோத்திரம், பரம்பரை என்று அவ்வளவு பேச்சும் கொழும்பில் சம்பாதித்த பணத்தின் முன்னால் வாயடைத்துப் போயிற்று. பணத்துக்கு வளைந்துகொடுக்கக் கூடிய ஒன்றைத்தான், பெற்ற மகளின் கண்ணீருக்கு வளையமாட்டேன் என்று அந்தப் பெற்றோர் பிடித்துவைத்திருந்தார்கள். இடையில் போனது நந்தாவின் இளமை. பிறகு ஜினதாச உண்மையில் அண்மையில்தான் இறந்தான் என்ற சேதி வருகிறது. அவள் கட்டிய இரண்டாவது வாழ்க்கையின் அத்திவாரமே ஆடிப்போகிறது. ஒரு மறுப்பின் விலையை எத்தனை பேர் எத்தனை காலம் கட்டினார்கள்!

மூன்றாவது எங்கள் கதை, தமிழ்ப்படம்: 'பொன்மணி', 1977. காவலூர் ராஜதுரை எழுத, தர்மசேன பத்திராஜ இயக்கினார். பத்திராஜ சிங்களவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்து உயர்சாதிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்ட ஒருவனை விரும்புகிறாள். சாதியும் சீதனமும் இரண்டு பக்கத்தாலும் நெரிக்கும் வீடு. நந்தாவுக்குக் கடைசியில் பணம் ஒரு வழி திறந்தது. பொன்மணிக்கு ஒரு வழியும் திறக்கவில்லை. அவள் கதை சாவில் முடிகிறது.

அந்தப் படம் வெறும் கற்பனை என்று யாரும் சொல்லமுடியாது. சாதியின் பேரில் ஆளை ஒதுக்குவது குற்றம் என்று 1957 இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தேத்தண்ணிக் கடையில் ஒரு பகுதியாருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக்கொடுத்த காலம் அதற்குப் பிறகும் நீண்டது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட வந்தவர்களை மறித்து நின்றார்கள். கே. டானியல் 1972 இல் 'பஞ்சமர்' நாவலை எழுதியது அந்த நெருப்பிலிருந்துதான். கடவுளைக் கும்பிட வந்தவனையே வாசலில் மறித்த ஊர், பெண் கேட்டு வந்தவனை வேறெப்படி நடத்தும்? ஒரு சிங்கள ஆசிரியர் எங்கள் நடுவில் இருந்து, எங்கள் மொழியில், எங்கள் முகத்தைக் காட்டினார். அந்த முகத்தைப் பார்க்க எங்கள் சனத்துக்கு விருப்பமில்லை. 'பொன்மணி' தியேட்டரில் ஓடவில்லை. பாட்டும் சண்டையும் நிறைந்த இந்தியப் படங்களுக்கு வரிசையில் நின்ற நாங்கள், எங்களுக்காக எடுத்த படத்துக்குப் போகவில்லை. அந்தப் படத்துக்கு நாங்கள் இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு வந்தது இதையெல்லாம் எரித்துவிட்டிருக்கவேண்டிய காலம். 1983 ஆடிக் கலவரத்தில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. கொள்ளுப்பிட்டியில் கார் வைத்திருந்த வீட்டு அம்மாவும், அந்த வீட்டில் சட்டி கழுவிய பிள்ளையும் ஒரே வகுப்பறைச் சீமெந்துத் தரையில் படுத்தார்கள். சாப்பாட்டுப் பொதி கைமாறி வந்தபோது யாருடைய கை என்று ஒருவரும் பார்க்கவில்லை. 1995 ஐப்பசியில் போருக்குப் பயந்து வலிகாமமே ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழையில், இருட்டில், இலட்சக்கணக்கான சனம் சாவகச்சேரிப் பக்கம் போனது. தண்ணீர் தந்தவனிடம் எந்தக் கோயிலடி என்று எவரும் கேட்கவில்லை. பங்கருக்குள் எல்லோருக்கும் ஒரே பயம், ஒரே மூச்சு.

உயிர்ப்பயம் நீங்கியதும் பழைய கேள்வி திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். சாதி அங்கே அச்சில் இருக்கிறது. ரொறன்ரோவில் பிறந்து, தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் தகப்பன் ஊர்ப்பகுதி பார்த்துத்தான் மாப்பிள்ளை தேடுகிறார். ஊரில் அந்த வீட்டுக் கூரையே இல்லை, வளவிலே ஆலமரம் முளைத்துவிட்டது. ஆனால் அந்த வளவின் பெருமை விமானம் ஏறிப் போயிருக்கிறது.

பெருமையோடு சீதனமும் போயிருக்கிறது. தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் வைத்தபோது, சீதனம் என்பது பெண்ணுக்குத் தாய்வழி வந்த உரிமைச் சொத்து. அவள் வாழ்வுக்கு அது காவல். இன்றைக்கு வெள்ளவத்தையில் ஃபிளாட், அதற்கு மேலே மாப்பிள்ளை வீட்டாருக்கு 'டொனேசன்' என்று ரொக்கம். பெண்ணின் காவலாக இருந்ததை மாப்பிள்ளையின் விலையாக்கிவிட்டோம். சாதி பார்க்கமாட்டோம் என்று முற்போக்காகச் சொல்லும் வீட்டிலும் ஃபிளாட்டின் சதுர அடி பார்க்கிறார்கள். ஒரு கதவைத் திறந்து இன்னொரு கதவைப் பூட்டுவதால் யாருக்கு லாபம்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைத் தமிழ் வீடுகளில் எத்தனையோ ஆண்டுகளாக வேலை செய்தவர்கள் மலையகத்துப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்கென்று குசினித் தட்டில் தனியாக ஒரு பீங்கான் கோப்பை, விளிம்பு உடைந்தது, கவிழ்த்து வைத்திருக்கும். வீட்டாரின் கோப்பைகளோடு அது ஒருநாளும் சேராது. அதே மொழி, அதே முருகன், அதே தைப்பொங்கல். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு ஆகிவிட்டது; 1948 இல் குடியுரிமை பறிபோய், பலர் கப்பலேறிப்போய், மிஞ்சியவர்கள் போராடி உரிமை பெற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், வைத்தியர்கள். ஆனாலும் சம்பந்தம் என்று வரும்போது எங்கள் வீடுகளில் அந்த உடைந்த கோப்பை இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.

அப்படி ஒரு விசயம் என் முன்விறாந்தைக்கே வந்தது. பெண் யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளவத்தையில் வளர்ந்தவள். பொடியன் கணக்காளர். தாய் தகப்பன் ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் சின்னக் கடை போட்டு அவனைப் படிப்பித்தவர்கள். இருவரும் ஒரே அலுவலகம். பெண்ணின் தகப்பன் என் முன்னால் இருந்தார். பால் தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது, அவர் தொடவில்லை.

"பொடியனிலை ஏதும் குறை இருக்கோ தம்பி?" என்று கேட்டேன்.

"குறை ஒண்டும் இல்லை மாமி. விசாரிச்சனான். தங்கமான பிள்ளையாம். ஆனால் ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊர் தம்பி? உங்கட ஊர்ச் சனத்திலை அரைவாசி லண்டனிலையும் கனடாவிலையும் இருக்குது. மிச்சம் ஆரெண்டு உங்களுக்கே தெரியாது. கலியாணம் முடிஞ்சு ரெண்டு கிழமை கதைச்சுப்போட்டு ஊர் தன்ரை வேலையைப் பாக்கும். பிள்ளை உங்களோடை கதையாமல் விட்டால் எத்தனை வருசத்துக்கு உங்களுக்குத் தாங்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். பிள்ளைகள் இருவரும் எழுத்து எழுதிக்கொண்டார்கள். கோயிலில் தாலி கட்டிய அன்று தகப்பன் வரவில்லை. தாய் வந்தாள். கைப்பையில் சிவப்பு வெல்வெட் பெட்டி. அதற்குள் தாலிக்கொடி. மகள் பெரியபிள்ளை ஆன காலத்திலிருந்து பவுண் பவுணாகச் சேர்த்து, செட்டியார் தெருவில் கொடுத்துச் செய்வித்தது. "ஆரைக் கட்டினாலும் இது அவளுக்கெண்டு செய்தது மாமி" என்றாள். மாப்பிள்ளையின் தாய் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த இரண்டு தாய்மாரும் அன்றைக்குத்தான் முதன்முதலாக நேரில் பார்த்தவர்கள். மணவறைக்குப் பக்கத்தில் தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் தாய்மாமன் நின்றார். அந்தத் தகப்பன் இழந்த நாளை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதை அவரிடமிருந்து பறித்தது மகளில்லை, மருமகனுமில்லை. முகம் தெரியாத ஊரின் வாய்க்குப் பயந்து அவரே அதைக் கொடுத்துவிட்டார்.

பெற்றவர்களுக்கு என் வார்த்தை இது. பிள்ளை ஒருவனைக் கூட்டிவந்து காட்டினால் விசாரியுங்கள், விசாரிக்கத்தான் வேண்டும். பெண்ணை மதிக்கிறவனா, கோபம் வந்தால் கை நீட்டுகிறவனா, கடன்காரனா, குடிக்கு அடிமையா, தன் தாயோடும் சகோதரிகளோடும் எப்படிக் கதைக்கிறான், உழைத்துச் சாப்பிட மனமிருக்கிறதா என்று நூறு பேரிடம் கேளுங்கள். இவற்றில் ஒன்று பிழைத்தாலும் தயவு தாட்சண்யம் இல்லாமல் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் அவன் எந்தக் கோயிலடி என்பது உங்கள் மகளின் சமையலறையில் ஒருநாளும் அடுப்பு எரிக்காது. அவளுக்குக் காய்ச்சல் வரும் இரவில் பக்கத்தில் இருந்து பார்க்கப்போவது அவன் மனம்தான்.

மறுத்தேயாகவேண்டும் என்றால் உண்மையான காரணத்தைச் சொல்லி மறுங்கள். "எனக்குச் சனத்துக்குப் பயம்" என்று சொல்லுங்கள். அதற்கு மானம், மரபு, குலதெய்வம் என்று பெரிய பெயர் வைக்காதீர்கள். உண்மைக் காரணத்தை வாய்விட்டுச் சொன்னால், பாதிப்பேருக்கு அது எவ்வளவு சின்னது என்று தங்கள் காதிலேயே கேட்டுவிடும். விசம் குடிப்பேன், தூக்கில் தொங்குவேன் என்று தாய்மார் பிள்ளைகளை மிரட்டுவதையும் நிறுத்தவேண்டும். அந்த மிரட்டலுக்குப் பயந்து கழுத்தை நீட்டிய பெண்களை எனக்குத் தெரியும். தாயை அவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களைக் காப்பாற்ற யாரும் இருக்கவில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பொதுச் சட்டப்படி 1995 இலிருந்து திருமணத்துக்கு வயது 18. 1907 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் விவாகப் பதிவுச் சட்டத்தில் சாதி கேட்கும் இடமே இல்லை. ஆனால் சட்டம் கையெழுத்துக்கு மட்டும்தான் துணை. அதற்கு அடுத்த நாளிலிருந்து உங்கள் குணம்தான் துணை. பியலைப் பாருங்கள். விரும்பியவளை அடைந்த பிறகும் அவன் மனம் ஆறவில்லை. அவளுடைய பழைய வாழ்க்கையின் நிழல் அவனை வாட்டியது. தன்னை மறுத்த பெரிய வீட்டின் மகளை அடையவேண்டும் என்ற வைராக்கியமும் அவன் அன்பில் கலந்திருந்ததாகவே எனக்குப் படுகிறது. மறுத்தவர்களை வெல்லவேண்டும் என்பதற்காக ஒருத்தியைக் கட்டாதீர்கள். வீட்டைப் பழிவாங்க ஒருவனோடு போகாதீர்கள். அவளுக்காக, அவனுக்காக மட்டும் துணிந்தால்தான் அந்தத் துணிவு கஷ்ட காலத்திலும் நிலைக்கும். சாலிய துறந்ததைப் பற்றிப் பிறகு அழுததாகக் கதையில் இல்லை. உங்களால் அப்படி இருக்கமுடியுமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். முடியும் என்றால் பெற்றவர்களிடம் நேரே போய்ச் சொல்லுங்கள், ஒளித்துச் செய்யாதீர்கள். அவர்கள் மறுத்தாலும் கதவைச் சாத்தாமல் வையுங்கள். மனம் மாற அவர்களுக்கு உங்களைவிடக் கூடுதல் காலம் தேவை.

'கம்பெரலிய', 'பொன்மணி' இரண்டையும் வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து பாருங்கள். பார்த்த பிறகு, "உனக்கு மனத்தில் யாரும் இருக்கிறார்களா?" என்று பயமுறுத்தாமல், முகம் மாறாமல் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கவும் பதிலைத் தாங்கவும் முடிந்த வீடுதான் என்னைக் கேட்டால் பெரிய வீடு. மற்ற வீடுகளின் பெருமையெல்லாம் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது. பெற்ற பிள்ளையோ உங்கள் கடைசி மூச்சு வரைக்கும் வேண்டும்.